ஒருசந்தி முதல் பாஸ்கா வரை: தவக்காலத்தை வீட்டில் அனுசரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் நாற்பது நாள்தான் தவக்காலம். அதில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் பக்கத்து மீன் மார்க்கெட்டைப் பார்க்க வேண்டும். கறிக்கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். வஞ்சிரம் வெட்டுகிறவருக்கோ மூச்சுவிட நேரமிருக்காது. இறைச்சி கூடாது, மீன் சாப்பிடலாம் என்பது சபை ஒழுங்கு. ஆகவே கோழியை விட்டுவிட்டு, அதைவிட விலை கூடிய மீனைத் துண்டு துண்டாக வறுத்துச் சாப்பிட்டாலும் அன்றைய கடமை முடிந்துவிட்டது. நானும் பல வருடம் அப்படிக் கடமை முடித்தவன்தான்.

நோன்பின் சட்டம் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். நாம் சாப்பிடாமல் விட்ட சாப்பாடு எங்கே போகிறது, யார் தட்டுக்குப் போகிறது என்பதுதான் கஷ்டமான பகுதி. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். கத்தோலிக்க இலத்தீன் வழிபாட்டு முறையை ஒட்டி எழுதினாலும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), மலங்கரை (கேரளத்துச் சிரியன் மரபு) வீடுகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள்

தொடக்கம் திருநீற்றுப் புதன். விபூதிப் புதன், சாம்பல் புதன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். அன்று முதல் ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். நடுவில் உள்ள 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு எப்போதுமே உயிர்ப்பின் நாள் என்பதால் அதில் நோன்பு இல்லை. வழிபாட்டுக் கணக்கில் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்பே தவக்காலம் முடிந்து, ஈஸ்டர் வரையிலான பாஸ்கா மூன்று நாட்கள் தொடங்கிவிடும்.

மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். இந்தப் பௌர்ணமி சபையின் அட்டவணைப் பௌர்ணமி. வானத்து நிலாவோடு சில சமயம் ஒரு நாள் முன்பின் ஆகும். 2026இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18, ஈஸ்டர் ஏப்ரல் 5. ரமலான் நோன்பும் அதே வாரம் தொடங்கியது. 2027இல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28.

சி.எஸ்.ஐ. சபைகளில் இதற்கு லெந்து நாட்கள் என்று பெயர். கன்னியாகுமரி மாவட்டத்து மலங்கரை வீடுகளில் ஐம்பது நோன்பு. அவர்களுக்குப் புதன் வரை காத்திருப்பு இல்லை, திங்களன்றே தொடங்கிவிடுவார்கள்.

2. சட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் பழைய ஞானோபதேசத்தில் (மறைக்கல்விப் புத்தகத்தில்) இரண்டு அழகான சொற்கள் உண்டு: ஒருசந்தி, சுத்தபோசனம். ஒருசந்தி என்றால் ஒரு வேளை மட்டும் வயிறார உண்பது. சுத்தபோசனம் என்றால் இறைச்சி விலக்குவது. ஒருசந்தி என்ற சொல் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருக்கும் வீடுகளிலும் அதே சொல்தான்.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் சொல்வது இவ்வளவுதான். 14 வயது நிரம்பியவர்களுக்குச் சுத்தபோசனம். 18 வயது நிரம்பியதிலிருந்து 59 வயது நிரம்பும் வரை ஒருசந்தி. ஒருசந்தி கட்டாயமான நாட்கள் வருடத்துக்கு இரண்டே இரண்டு: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. அந்த இரு நாட்களிலும் சுத்தபோசனமும் உண்டு. மற்ற வெள்ளிகளிலும், குறிப்பாகத் தவக்கால வெள்ளிகளில், சுத்தபோசனம். பெருவிழா ஒன்று வெள்ளியில் விழுந்தால் அன்று அந்தக் கட்டாயம் இல்லை. 2027இல் சூசையப்பர் திருவிழாவான மார்ச் 19 வெள்ளிக்கிழமைதான் வருகிறது. வீட்டில் சூசை, ஜோசப் என்று யாராவது இருந்தால் பிரியாணிக்கு வாதாட இப்போதே ஒரு காரணம் கிடைத்தது.

ஒருசந்தி நாளில் ஒரு வேளை முழுச் சாப்பாடு. அதைத் தவிர இரண்டு வேளை கொஞ்சம் சாப்பிடலாம். அந்த இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாட்டை எட்டக்கூடாது. நடுவில் கொறிப்பது இல்லை. மீன், முட்டை, பால் எல்லாம் இன்றைய சட்டத்தில் தடை இல்லாதவை. முற்காலத்தில் அப்படி இல்லை. முட்டையும் பாலும் நெய்யும்கூட விலக்கு, சாப்பாடே பொழுது சாய்ந்த பிறகுதான். அதை நினைத்தால், நாம் இரண்டு நாளுக்கு முனகுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

3. உடம்பைக் கேளுங்கள்

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், நோயாளிகள், உடலை வருத்தி வேலை செய்பவர்கள் ஒருசந்தி இருக்கத் தேவையில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஒரு வேளையைத் தவறவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். மருத்துவரைக் கேட்காமல் எதையும் குறைக்காதீர்கள். நம் வீட்டுப் பாட்டிகளிடம் இதைச் சொல்வது லேசு இல்லை. 59 தாண்டினால் ஒருசந்திச் சட்டமே இல்லை என்று சொன்னால், ‘நீ எனக்குச் சட்டம் சொல்ல வந்துட்டியா’ என்பார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டை விடாமல் செய்யக்கூடிய ஒன்றைக் காட்டுங்கள்: காப்பியில் சர்க்கரை, மாலை சீரியல், பக்கத்து வீட்டுக்காரரோடு பத்து வருடமாக நடக்கும் பேச்சுவார்த்தையின்மை.

டீ, காப்பி குறித்து ஒரு எச்சரிக்கை. ஒரு வருடம் புதன்கிழமை காலையோடு டீயை மொத்தமாக விட்டேன். மூன்று நாள் மண்டை பிளக்கும் தலைவலி. எரிந்து விழுந்துகொண்டே இருந்தேன். நோன்பு எனக்கு, தவம் வீட்டில் இருந்தவர்களுக்கு என்று ஆகிவிட்டது. டீயை விடுவதானால் பத்து நாள் முன்பே ஒவ்வொரு வேளையாகக் குறைத்து வாருங்கள்.

4. புதனுக்கு முந்தைய ஞாயிறு, வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்

இதைப் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வதில்லை. நோன்பு ஒரு சமையலறை விஷயம். அப்பா ஒருசந்தி, மகள் சுத்தபோசனம், சின்னவனுக்குச் சாதாரணச் சாப்பாடு, மாமியாருக்கு உப்பில்லாமல் என்றால் நான்கு விதமாகச் சமைப்பது யார்? ‘நோன்பு உங்களுக்கு, அடுப்பு எனக்கா?’ என்று என் மனைவி ஒரு வருடம் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கு அடுத்த வருடத்திலிருந்து வெள்ளிக்கிழமை இரவுச் சமையல் என் பொறுப்பு. கஞ்சியும் துவையலும்தான். பிரமாதமாக ஒன்றும் இருக்காது. ஆனால் வீடு முழுவதும் ஒரே பானை.

அந்தப் பேச்சில் மூன்று விஷயங்களை முடிவு செய்யுங்கள். வீடு முழுக்கச் சேர்ந்து எதை விடுகிறோம்? ஒவ்வொருவரும் தனியாக எதை எடுத்துக்கொள்கிறோம்? மிச்சமாகும் காசு யாருக்கு? முடிவுகளை ஒரு தாளில் எழுதி குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடலாம். ஆனால் தனி ஆள் எடுத்த முடிவுகளை ஒட்டாதீர்கள். அவை அவரவருக்குள் இருக்கட்டும்.

ஆளுக்கு ஒன்று போதும். பத்து தீர்மானம் எடுத்தவர் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் விட்டுவிடுவார், நான் பார்த்திருக்கிறேன். ‘செல்போனைக் குறைப்பேன்’ என்பது தீர்மானம் ஆகாது. ‘இரவு ஒன்பது மணிக்குப் போன் சமையலறை மேடைக்குப் போய்விடும்’ என்பது ஆகும். செய்தோமா இல்லையா என்று அன்றிரவே சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

5. ஒரு டப்பா வையுங்கள்

எனக்கு இந்த வழிகாட்டியில் முக்கியமான படி இதுதான்.

பூஸ்ட் டப்பாவோ ஹார்லிக்ஸ் பாட்டிலோ, எது கிடைத்தாலும் சரி. சாப்பாட்டு மேசை மேல் வையுங்கள். விட்ட ஒவ்வொன்றுக்கும் உண்டான காசு அன்றைக்கே அதில் விழ வேண்டும். வெள்ளிக்கிழமை கறிக்கு 400 ரூபாய் ஆகும் வீடு என்று வைத்துக்கொள்வோம். பெரிய வெள்ளியையும் சேர்த்தால் 7 வெள்ளி, 2,800 ரூபாய். கடையில் ஒரு நாளைக்கு இரண்டு டீ, டீ 15 ரூபாய் என்றால் 40 நாளில் 1,200. இரண்டும் சேர்ந்து 4,000. ‘மாத முடிவில் மொத்தமாகப் போட்டுவிடலாம்’ என்றால் போடவே மாட்டோம். அந்தக் காசு வேறு செலவில் கரைந்துவிடும். சில்லறை தினமும் விழுந்தால்தான் குழந்தைகளுக்கும் கணக்கு புரியும். ஜிபே காலத்தில் சில்லறைக்கு எங்கே போவது என்றால், ஞாயிறன்று ஒரு தடவை ஏ.டி.எம்.மில் எடுத்து மாற்றி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஐந்தாம் நூற்றாண்டில் ராவென்னா ஆயராக இருந்த பேதுரு கிறிசோலோகு தம் மறையுரை ஒன்றில் செபம், நோன்பு, இரக்கம் மூன்றையும் ஒரே உயிர் என்கிறார். ஒன்றை மட்டும் வைத்திருப்பவரிடம் ஒன்றுமே இல்லை என்பது அவர் கட்சி. வஞ்சிரம் வறுத்த காலத்தில் என்னிடம் இருந்தது அந்த ஒன்றுமில்லைதான்.

டப்பாவின் காசு யாருக்கு? கத்தோலிக்கச் சபையின் சமூக சேவை அமைப்பான காரித்தாஸ் இந்தியா தவக்காலத்தில் நடத்தும் நிதி திரட்டலுக்குப் பங்கு வழியாகக் கொடுக்கலாம். பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கே நேரில் தெரிந்த ஒருவருக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது; ஆனால் கொடுத்தவர் யாரென்று அவருக்குத் தெரியாமல் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பது திருநீற்றுப் புதன் அன்றே வாசிக்கப்படும் நற்செய்தி.

எசாயா 58ஆம் அதிகாரத்தையும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள். நாங்கள் நோன்பிருந்தும் நீர் பார்க்கவில்லையே என்று மக்கள் கடவுளிடம் குறைப்படுகிறார்கள். நோன்பு நாளிலேயே உங்கள் வேலையாட்களை வதைக்கிறீர்களே என்று பதில் வருகிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு இந்த மாதச் சம்பளம் கொடுத்தாயிற்றா? அவருடைய லீவுக்குக் காசு பிடித்தோமா? அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் டப்பாவில் முதல் நாணயம் போட வேண்டும்.

6. திருநீற்றுப் புதன்

அன்று நெற்றியில் பூசும் சாம்பல், போன வருடக் குருத்தோலைகளை எரித்து எடுத்தது. மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்லிப் பூசுவார்கள். அல்லது மனம் மாறி நற்செய்தியை நம்பச் சொல்லிப் பூசுவார்கள். முன்னது தொடக்கநூல், பின்னது மாற்கு.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நோன்பிருக்கும்போது தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவு, ஊருக்குத் தெரியாமல் இரு என்று மத்தேயு 6ஆம் அதிகாரத்தை வாசித்த கையோடு நெற்றியில் சாம்பலைப் பூசி அனுப்புகிறார்கள். அலுவலகத்துக்கு அப்படியே போகலாமா, கழுவிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: எதைச் செய்யக் கூச்சமாக இருக்கிறதோ அதைச் செய்யுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் அன்று மதியம் முழுச் சாப்பாடு வைத்துக்கொள்வது வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. காலையில் இரண்டு இட்லி, இரவில் ஒரு டம்ளர் கஞ்சி. தண்ணீர் நிறைய. முந்தின நாள் ‘நாளையிலிருந்து கிடைக்காதே’ என்று கழுத்து வரை சாப்பிட்டால் மறுநாள் பசி இரட்டிப்பாகும்.

7. வெள்ளிக்கிழமையும் சிலுவைப் பாதையும்

வெள்ளி மாலை கோவிலில் சிலுவைப் பாதை, அதாவது இயேசு சிலுவை சுமந்து போன வழியை நிலை நிலையாகத் தியானிப்பது. புனித பூமிக்குப் போக முடியாதவர்களுக்காகப் பிரான்சிஸ்கன் துறவிகள் பரப்பிய பக்தி முயற்சி இது. நிலைகள் 14 என்று 1731இல் திருத்தந்தை 12ஆம் கிளமெண்ட் உறுதிப்படுத்தினார். தமிழ்ப் பங்குகளில் வாரம் ஓர் அன்பியம் (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) பொறுப்பெடுத்து நடத்தும். மூட்டுவலிக்காரர்கள் 14 தடவை முழங்காலிட வேண்டாம், எழுந்து நின்றால் போதும்.

கூட்டத்தோடு நடக்கும்போது வரிகள் வாயில் ஓடும், மனம் வேறெங்கோ ஓடும். ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு நிலையை மட்டும் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். ஐந்தாம் நிலையில் இயேசுவின் சிலுவையைச் சுமக்கும் சீமோன் தானாக வந்து தோள் கொடுத்தவர் அல்லர். வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துச் சுமக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் யாருக்கோ துணைக்குப் படுக்க வேண்டிய முறை நம் தலையில் விழும்போது அவரை நினைத்துக்கொள்ளலாம்.

கச்சத்தீவு அந்தோனியார் திருவிழா பெரும்பாலும் தவக்காலத்தில்தான் வரும். இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகில் வந்து இறங்கும் மக்கள் சேர்ந்து சிலுவைப் பாதை செய்வார்கள். கடலில் எல்லையால் பிரிந்து கிடக்கும் மீனவர்கள் ஒரே சிலுவைக்குப் பின்னால் நடக்கும் அந்த மாலையை நினைத்தால், ஏசி போட்ட கோவிலில் கால் வலிக்கிறது என்று சொல்ல வாய் வராது.

8. செபத்துக்குப் பதினைந்து நிமிடம்

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே நேரம், ஒரே இடம், அன்றன்றைய வாசகம். போனில் வாசித்தால் வாட்ஸாப் வந்து நிற்கும். அச்சடித்த விவிலியம் எடுங்கள். மாற்கு நற்செய்தி 16 அதிகாரம்தான், நாளுக்கு அரை அதிகாரம் வாசித்தாலும் பெரிய வாரத்துக்கு முன் முடிந்துவிடும்.

9. மூன்றாவது வாரம் உடையும்

எல்லோருக்கும் உடையும். கல்யாண வீட்டுப் பந்தியில் (நம் சபையில் தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை; நண்பர்கள் வீட்டுக் கல்யாணங்கள் நமக்காகக் காத்திருக்காது) மறந்துபோய் ஒரு துண்டு வாயில் போட்டிருப்போம். ‘சரி, இந்த வருடம் அவ்வளவுதான்’ என்று கைவிடுவதுதான் பெரிய ஆபத்து. மறுநாள் காலை தொடருங்கள். உடைந்த நாளுக்கான காசை டப்பாவில் இரண்டு மடங்காகப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

பிறர் வீட்டில் விருந்தாளியாக இருக்கும்போது, அவர்கள் தெரியாமல் சமைத்து வைத்துவிட்டால்? வெள்ளிக்கிழமை இல்லையென்றால் பேசாமல் சாப்பிடுங்கள். அவர்கள் முகம் வாடுவதைவிட உங்கள் தீர்மானம் வாடுவது மேல். நான்காம் ஞாயிறு ஊதா உடைக்குப் பதிலாக ரோஜா நிற உடையில் குரு வருவதும் இந்தக் களைப்பு தெரிந்துதான்: பாதி தாண்டியாயிற்று, கொஞ்சம் மகிழ்ச்சியாக இருங்கள்.

10. பாவசங்கீர்த்தனம்

குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதுதான் இது. ஒப்புரவு அருட்சாதனம் என்று இப்போது சொல்கிறோம். பெரிய வாரம் வரை தள்ளிப்போட்டால் வரிசை வாசல் வரை நிற்கும், சாமியாரும் சோர்ந்திருப்பார். நான்காம் அல்லது ஐந்தாம் வாரத்து வார நாள் ஒன்றில் போய்விடுங்கள். வருடக்கணக்கில் போகாதவர்கள் ‘சாமி, எனக்கு முறை மறந்துபோச்சு’ என்று தொடங்கினால் போதும். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். அடுத்தவர் பாவத்தை விவரிக்காமல் நம்முடையதை மட்டும் சொல்வதற்குத்தான் நிறையப் பயிற்சி தேவைப்படுகிறது.

11. பெரிய வாரம்

அலுவலகத்தில் லீவு சொல்வதானால் பெரிய வியாழன் மாலையும் சேர்த்துச் சொல்லுங்கள். பலர் வெள்ளியை மட்டும் பிடித்துக்கொண்டு வியாழனை விட்டுவிடுகிறார்கள். பாதம் கழுவும் சடங்கு, பிறகு நற்கருணை முன் நள்ளிரவு வரை விழிப்பு. அன்று ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடலைப் பாடும்போது அடிக்கும் மணி, சனி இரவு அதே பாடல் வரை மௌனம். நடுவில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள்.

பெரிய வெள்ளியில் திருப்பலியே கிடையாது. வாசகம், மன்றாட்டு, சிலுவை ஆராதனை, முந்தின நாள் வைத்திருந்த நற்கருணை. சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பகல் 12 முதல் 3 வரை சிலுவையின் ஏழு வார்த்தைகளையும் தியானிக்கும் மும்மணி ஆராதனை. பல ஊர்க் கோவில்களில் கஞ்சி ஊற்றுவார்கள். குமரிப் பக்கம் அதற்குப் பயறு சேரும். கேரளத்து எல்லையை ஒட்டிய ஆலயங்களில் கசப்பு நீரும் ஒரு வாய் தருவார்கள். யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளை மேடையேற்றி வந்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதே கதை பாஸ்கா நாடகமாக விடிய விடிய நடக்கும்.

அன்று ஒருசந்தி கட்டாயம். முடிந்தவர்கள் சனியன்றும் அதைத் தொடர வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் விரும்பியது. சனி இரவு புதுத் தீ, பாஸ்கா திரி, இருட்டில் ஒருவர் திரியிலிருந்து ஒருவர் ஏற்றும் மெழுகுவர்த்தி. குழந்தைகள் தூங்கிவிடுவார்கள் என்று பயந்து ஞாயிறு காலைப் பூசைக்கு மட்டும் போகாதீர்கள். தூங்கட்டும், தோளில் போட்டுக்கொண்டாவது போங்கள். 40 நாளும் பாடாத அல்லேலூயா அன்றுதான் திரும்பி வருகிறது.

12. ஈஸ்டர் திங்கள்

ஞாயிறன்று நன்றாகச் சாப்பிடுங்கள். அதில் குற்ற உணர்வு வேண்டாம், அதற்காகத்தான் அது பெருவிழா. திங்களன்று இரண்டு சின்ன வேலைகள் உண்டு. டப்பாவின் காசை எண்ணி, சேர வேண்டிய இடத்தில் அன்றே சேர்த்துவிடுங்கள். காலி டப்பாவை மட்டும் மேசையில் விட்டுவைக்கலாம். குருத்து ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையைச் சிலுவைக்குப் பின்னால் செருகி வையுங்கள். அடுத்த திருநீற்றுப் புதனுக்கு ஒரு வாரம் முன்பு, எரிப்பதற்காகப் பங்கில் கேட்பார்கள்.